ஒரு சர்வீஸை நிறுத்தினால் பக்கத்து நோடின் பெயரும் இபிஎம்டி-யிலிருந்து காணாமல் போகிறது

தறிநாடா கேட்டது:

டெபியன் 12 சர்வர் ஒன்றில் இரண்டு எலிக்ஸிர் ரிலீஸ்கள் (எலிக்ஸிர் மொழியில் எழுதி, ஓடத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய ப்ரோக்ராம்கள்) ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சிஸ்டம்டி யூனிட் (லினக்ஸின் சர்வீஸ் மேலாளர் அதைக் கிளப்பி நிறுத்துவதற்கான அமைப்பு). மெஷினில் எர்லாங் தனியாக இன்ஸ்டால் செய்யவில்லை; ரிலீஸுக்குள்ளேயே வரும் ஓடிபி 25 (எர்லாங்கின் பதிப்பு) மட்டும்தான் இருக்கிறது.

பெயர் கொடுத்து ஓடும் ஒவ்வொரு எர்லாங் ரன்டைமும் ஒரு நோடு; இங்கே நோடு பெயர்கள் பில்லிங்@ஆப்1, ரிப்போர்ட்@ஆப்1. இன்னொரு சர்வரில் பில்லிங்@ஆப்2. எல்லாம் -எஸ்நேம் (குறும்பெயர்) வகை, குக்கி (நோடுகள் ஒன்றையொன்று ஏற்கக் கேட்கும் ரகசியச் சொல்) எல்லாவற்றிலும் ஒன்றே.

எந்த நோடு எந்தப் போர்ட்டில் என்று சொல்லும் பின்னணி ப்ரோக்ராம் (டீமன்) இபிஎம்டி. அதைக் கேட்டால் சாதாரணமாக ஆப்1-இல் இப்படி வரும்:

இபிஎம்டி -நேம்ஸ்
இபிஎம்டி: அப் அண்ட் ரன்னிங் ஆன் போர்ட் 4369 வித் டேட்டா:
நேம் ரிப்போர்ட் அட் போர்ட் 38117
நேம் பில்லிங் அட் போர்ட் 41235

ரிப்போர்ட் சர்வீஸை நிறுத்திய பிறகு இதே கமாண்டை அடித்தால் "கேனாட் கனெக்ட் டு லோக்கல் இபிஎம்டி" என்கிறது. பில்லிங் நோடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆப்2-இல் நோடு.லிஸ்ட் பார்த்தால் பில்லிங்@ஆப்1 அங்கே இருக்கிறது, மெசேஜும் போய்வருகிறது. ஆனால் அந்த நேரத்தில் ஆப்2-ஐ ரீஸ்டார்ட் செய்தால் திரும்பச் சேர முடிவதில்லை. பிங் அடித்தால் பேங்தான் (எட்ட முடியவில்லை என்று அர்த்தம்) பதில்.

குழப்பம் இன்னொன்றும் உண்டு. ஆப்1-க்குள் எஸ்எஸ்எச் வழியாகப் போய் பில்லிங் ரிலீஸின் ரிமோட் கமாண்டை (ஓடும் நோடுக்குள் ஷெல் திறப்பது) ஓட்டினால் முதல் தடவை தோற்கிறது. இரண்டாவது தடவை உள்ளே விட்டுவிடுகிறது. அதன்பின் ஆப்2-உம் சேர்ந்துகொள்கிறது. சில நாட்களில் ரிப்போர்ட்டை நிறுத்தினாலும் எந்தப் பிரச்சினையும் வருவதில்லை.

ஃபயர்வால், குக்கி இரண்டையும் சரிபார்த்துவிட்டேன். இது ஏன் நடக்கிறது, பில்லிங்கை ரீஸ்டார்ட் செய்யாமல் மீட்க வழி உண்டா, நிரந்தரத் தீர்வு என்ன?

---

பீம்வாசி பதில்:

குக்கிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இபிஎம்டி குக்கியைப் பார்ப்பதே கிடையாது. ஒரு நோடு இன்னொரு நோடின் போர்ட்டுக்கு நேரடியாகப் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த இரண்டுக்கும் இடையில்தான் குக்கி பேச்சு வரும். உங்கள் கேஸ் அதுவரைக்கும் போகவே இல்லை.

முதலில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பார்ப்போம். பில்லிங் நோடு கிளம்பும்போது ஏதோ ஒரு காலி போர்ட்டை எடுத்துக் கேட்க ஆரம்பிக்கிறது (உங்களிடம் 41235). பிறகு அதே மெஷினில் 4369-இல் இருக்கும் இபிஎம்டி-யிடம் "பில்லிங் என்றால் 41235" என்று பதிவு செய்கிறது. பதிவு செய்த டிசிபி கனெக்‌ஷனை மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கனெக்‌ஷன் உயிரோடு இருக்கும்வரைதான் பெயர் பட்டியலில் இருக்கும். அறுந்தால் இபிஎம்டி பெயரை எடுத்துவிடும். ஃபைல், டேட்டாபேஸ் எதுவும் கிடையாது, எல்லாம் மெமரியில்தான். ஆகவே இபிஎம்டி செத்தால் மொத்தப் பட்டியலும் போய்விடும்.

ஆப்2 சேர வரும்போது, @ குறிக்குப் பின்னால் இருக்கும் ஆப்1 என்ற பெயரை ஐபி-யாக மாற்றி, அந்த ஐபி-யின் 4369-இல் "பில்லிங் எந்தப் போர்ட்?" என்று கேட்கிறது. பதில் வந்ததும் இபிஎம்டி-யின் வேலை முடிந்தது. அதற்குமேல் இரண்டு நோடும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். ஏற்கெனவே சேர்ந்திருந்த கனெக்‌ஷன்கள் அறாமல் இருந்ததும், புதிதாக வருபவர் மட்டும் வெளியே நின்றதும் இதனால்தான்.

இனி, ரிப்போர்ட்டை நிறுத்தினால் இபிஎம்டி ஏன் சாக வேண்டும்?

-எஸ்நேம் அல்லது -நேம் கொடுத்துக் கிளம்பும் எந்த நோடும், இபிஎம்டி ஓடவில்லை என்றால் தானே ஒன்றைப் பின்னணியில் கிளப்பிவிடும். பூட் ஆகும்போது ரிப்போர்ட் முந்திக்கொண்டால், அது கிளப்பிய இபிஎம்டி ரிப்போர்ட் யூனிட்டின் சிகுரூப்புக்குள் (ஒரு யூனிட்டின் ப்ராசஸ்களை லினக்ஸ் சேர்த்து வைக்கும் குழு) பிறக்கிறது. டீமன் மாதிரி ஃபோர்க் ஆகித் தாய் ப்ராசஸை விட்டு விலகினாலும் சிகுரூப்பை விட்டு விலக முடியாது. சிஸ்டம்டி-யில் கில்மோடின் இயல்பு மதிப்பு கன்ட்ரோல்-குரூப். யூனிட்டை நிறுத்தினால் உள்ளே இருக்கும் எல்லா ப்ராசஸுக்கும் சிக்னல் போகும், இபிஎம்டி உட்பட. பில்லிங் முந்திய நாட்களில் இபிஎம்டி பில்லிங்கின் சிகுரூப்பில் இருக்கும். அன்று ரிப்போர்ட்டை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. "சில நாட்களில் பிரச்சினை இல்லை" என்பதன் கணக்கு இதுதான்.

ரிமோட் கதையும் இதோடு சேர்ந்ததே. ரிமோட் கமாண்ட் தானும் ஒரு தற்காலிக நோடைக் கிளப்புகிறது. இபிஎம்டி இல்லையே என்று பார்த்து அதுவே ஒன்றைக் கிளப்பிவிட்டு, உடனே பில்லிங்கைத் தேடுகிறது. புத்தம்புதிய இபிஎம்டி-யில் பில்லிங் இன்னும் பதிவாகவில்லை, எனவே தோல்வி. ஓடிபி 25-இல் இருக்கும் நோடு, அறுந்த இபிஎம்டி கனெக்‌ஷனைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை திரும்பப் பிடிக்க முயன்றுகொண்டே இருக்கும். நீங்கள் இரண்டாவது முறை அடிப்பதற்குள் அது பதிந்துவிட்டது.

உறுதிப்படுத்த, இப்போது ஓடும் இபிஎம்டி-யின் பிஐடி-யை எடுங்கள் (எஸ்எஸ் -எல்டிஎன்பி கொடுத்து 4369 வரியைப் பாருங்கள்). பிறகு சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று அடித்து, யூனிட் பெயருக்குப் பதில் அந்த பிஐடி எண்ணைக் கொடுங்கள். அது எந்த யூனிட்டுக்குச் சொந்தம் என்று முதல் வரியிலேயே வந்துவிடும். ப்ராக் டைரக்டரியில் அந்த பிஐடி-யின் எக்ஸ்இ லிங்கையும் ஒருமுறை பாருங்கள். பழைய ரிலீஸ் ஃபோல்டரை டிப்ளாய் ஸ்கிரிப்ட் அழித்திருந்தால், பாதைக்குப் பின்னால் "டெலிட்டட்" என்று நிற்கும். அழிக்கப்பட்ட பைனரியிலிருந்தே அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனடி ஆபத்து இல்லை, ஆனால் யாரும் அதைக் கவனித்துக்கொள்ளவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

அவசர மீட்பு: பில்லிங்கைத் தொடாதீர்கள். ரிலீஸுக்குள் இஆர்டிஎஸ்-13 என்று தொடங்கும் ஃபோல்டரில் (எர்லாங் ரன்டைம்), "பின்" என்ற டைரக்டரிக்குள் இபிஎம்டி பைனரி இருக்கும். அதைத் தனி யூனிட்டாக ஓட்டுங்கள்:

சிஸ்டம்டி-ரன் --யூனிட்=இபிஎம்டி-தற்காலிகம் <இபிஎம்டி-யின் முழுப் பாதை>

-டீமன் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் முதன்மை ப்ராசஸ் வெளியேறிவிட்டது என்று நினைத்து சிஸ்டம்டி யூனிட்டை மூடிவிடும். பத்து விநாடி பொறுத்து -நேம்ஸ் பாருங்கள், பில்லிங் வந்திருக்கும்.

கில்மோடை ப்ராசஸ் என்று மாற்றச் சொல்லிச் சில இடங்களில் அறிவுரை இருக்கும். இபிஎம்டி பிழைக்கும், வாஸ்தவம்தான். ஆனால் நோடு கிளப்பிய மற்ற வெளி ப்ரோக்ராம்களும் சேர்ந்து பிழைத்துக் கிடக்கும். அடுத்த ஸ்டார்ட்டில் "ஃபவுண்ட் லெஃப்ட்-ஓவர் ப்ராசஸ்" என்று ஜர்னலில் வரிசையாக வரும். வேண்டாம்.

---

தறிநாடா:

சரியாகச் சொன்னீர்கள். பிஐடி-யைக் கொடுத்ததும் ரிப்போர்ட் யூனிட்தான் வந்தது. எக்ஸ்இ லிங்கில் டெலிட்டட் என்றும் இருக்கிறது.

நிரந்தரமாகச் செய்ய இபிஎம்டி-க்குத் தனி யூனிட் எழுத வேண்டுமா? அப்படி எழுதினால் ரிலீஸ் நோடுகள் தாமே கிளப்புவதை எப்படித் தடுப்பது? இன்னொரு சந்தேகம்: இரண்டு ரிலீஸும் நாளைக்கு வேறுவேறு ஓடிபி-யில் இருந்தால் ஒரே இபிஎம்டி போதுமா?

---

சாக்கெட்சாமி பதில்:

கடைசிக் கேள்வி முதலில்: போதும். இபிஎம்டி ப்ரோட்டோகால் மிகச் சின்னது, பழைய நோடும் புதிய நோடும் ஒரே டீமனிடம் பதியலாம். மெஷினில் இருப்பதிலேயே புதிய ஓடிபி-யின் பைனரியை வைத்துக்கொள்வது நல்லது, அவ்வளவுதான். ஓடிபி 23-இல் க்ரியேஷன் எண் (அதே பெயரில் திரும்பக் கிளம்பிய நோடைப் பழையதிலிருந்து பிரித்தறியும் எண்) 32 பிட்டாக விரிந்தது. அதற்கும் முந்தைய இபிஎம்டி-யைப் புதிய நோடுகளுக்கு முன்னால் வைக்க எந்தக் காரணமும் இல்லை.

தனி யூனிட் எழுத வேண்டியதில்லை. டெபியனின் எர்லாங்-பேஸ் பேக்கேஜில் இபிஎம்டி.சாக்கெட், இபிஎம்டி.சர்வீஸ் இரண்டும் தயாராக வருகின்றன. ரிலீஸ்கள் தங்கள் சொந்த இஆர்டிஎஸ்-ஐத்தான் பயன்படுத்தும், இந்தப் பேக்கேஜ் அவற்றைத் தொடாது. சர்வீஸ் ஃபைல் இபிஎம்டி-யை -சிஸ்டம்டி ஃப்ளாகோடு ஓட்டுகிறது. 4369-ஐத் திறந்து வைப்பது சிஸ்டம்டி. முதல் ஆள் தட்டும்போது இபிஎம்டி எழுந்து அந்தச் சாக்கெட்டை வாங்கிக்கொள்ளும். யார் முதலில் பூட் ஆகிறார் என்ற ஓட்டப்பந்தயமே இல்லாமல் போகிறது. உங்களுக்குச் சாக்கெட் வழியைத்தான் சிபாரிசு செய்வேன்.

எர்லாங் பேக்கேஜே வேண்டாம் என்றால் ரிலீஸிலிருந்து பைனரியை யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்னுக்குக் காப்பி செய்து, -டீமன் இல்லாமல், டைப் சிம்பிள் என்று ஒரு சர்வீஸ் எழுதலாம். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். -சிஸ்டம்டி ஃப்ளாக் வேலை செய்ய, எர்லாங்கை பில்ட் செய்யும்போதே சிஸ்டம்டி ஆதரவைச் சேர்த்திருக்க வேண்டும். ரிலீஸில் வரும் பைனரியில் அது பெரும்பாலும் இருக்காது. மேலும் ரிலீஸை ஆல்பைன் இமேஜில் பில்ட் செய்திருந்தால் அந்தப் பைனரி மசல் என்ற சி லைப்ரரியைத் தேடும், டெபியனில் ஓடாது.

நோடு தானே கிளப்புவதைத் தடுக்க ரிலீஸின் விஎம்.ஆர்க்ஸ் ஃபைலில் (நோடு கிளம்பும்போது படிக்கும் ஃப்ளாகுகள் இருக்கும் ஃபைல்) ஒரு வரி:

-ஸ்டார்ட்_இபிஎம்டி ஃபால்ஸ்

இதே வரியை ரிமோட்.விஎம்.ஆர்க்ஸ் ஃபைலிலும் போடுங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ரிமோட், ஆர்பிசி கமாண்டுகள் படிப்பது இந்த இரண்டாவது ஃபைலை. இதில் போடாவிட்டால், இபிஎம்டி விழுந்த நேரம் பார்த்து யாரோ எஸ்எஸ்எச்-இல் ரிமோட் அடிக்க, அவர் யூசரில், அவர் என்விரான்மென்ட்டோடு ஒரு இபிஎம்டி பிறக்கும். நீங்கள் யூனிட்டில் அக்கறையாக எழுதி வைத்த இஆர்எல்_இபிஎம்டி_அட்ரஸ் அதற்குத் தெரியாது. உலகம் முழுக்கக் கேட்கும்படி 4369-ஐத் திறந்துவிடும். இபிஎம்டி-யின் அமைப்பு எல்லாம் அதை முதலில் கிளப்பியவரின் என்விரான்மென்ட்டிலிருந்து வருவது. பின்னால் வரும் நோடு என்ன சொன்னாலும் எடுபடாது.

இந்த வரியைப் போட்ட பிறகு இபிஎம்டி இல்லாமல் நோடு கிளம்பாது: "ரிஜிஸ்டர்/லிசன் எரர்: இகான்ரெஃப்யூஸ்ட்" என்று சொல்லி விழும். அதனால் இரண்டு ரிலீஸ் யூனிட்டிலும் யூனிட் பகுதியில்

ஆஃப்டர்=இபிஎம்டி.சாக்கெட்
வான்ட்ஸ்=இபிஎம்டி.சாக்கெட்

சேருங்கள். ரிக்வயர்ஸ் போடாதீர்கள். போட்டால் யாராவது இபிஎம்டி.சாக்கெட்டை நிறுத்தும்போது பில்லிங்கும் கூடவே நிற்கும். நோடு ஓடுவதற்கு இபிஎம்டி நொடிக்கு நொடி தேவையில்லை என்பது மேலேயே சொல்லப்பட்டது. அந்த நல்ல குணத்தை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, எந்த ஐபி-யில் கேட்பது. பேக்கேஜில் வரும் சாக்கெட் ஃபைல் எதில் கேட்கிறது என்பது டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ மாறும்; சிஸ்டம்சிடிஎல் கேட் இபிஎம்டி.சாக்கெட் என்று பார்த்துக்கொள்ளுங்கள். -சிஸ்டம்டி வழியில் இஆர்எல்_இபிஎம்டி_அட்ரஸுக்கு வேலை இல்லை, எல்லாம் சாக்கெட் ஃபைலில்தான். சிஸ்டம்சிடிஎல் எடிட் இபிஎம்டி.சாக்கெட் கொடுத்து:

[சாக்கெட்]
லிசன்ஸ்ட்ரீம்=
லிசன்ஸ்ட்ரீம்=127.0.0.1:4369
லிசன்ஸ்ட்ரீம்=10.20.0.11:4369
ஃப்ரீபைண்ட்=ட்ரூ

முதல் காலி வரி அவசியம். அது இல்லாவிட்டால் பழைய மதிப்போடு உங்கள் மதிப்பும் சேர்ந்துகொள்ளும், துடைக்காது. ஃப்ரீபைண்ட் எதற்கென்றால், பூட் ஆகும்போது 10.20.0.11 இன்னும் இன்டர்ஃபேஸில் ஏறாமல் இருந்தாலும் பைண்ட் தோற்காமல் இருக்க.

இப்படி ஐபி-யைக் குறுக்கினால் டெபியனில் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. டெபியன் இன்ஸ்டாலர் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் மெஷினின் சொந்தப் பெயருக்கு 127.0.1.1 என்று எழுதி வைக்கும். நோடு பதிவு செய்யப் போவது 127.0.0.1-க்கு, அது நன்றாக நடக்கும். -நேம்ஸிலும் எல்லாம் அழகாகத் தெரியும். ஆனால் பில்லிங்@ஆப்1 அதே மெஷினில் உள்ள ரிப்போர்ட்@ஆப்1-ஐத் தேடும்போது ஆப்1 என்ற பெயர் 127.0.1.1 ஆக மாறுகிறது. அங்கே 4369-இல் யாரும் இல்லை. வெளி மெஷினிலிருந்து சேர்கிறது, உள்ளேயே சேரவில்லை என்ற விசித்திரம் வந்தால் முதலில் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறங்கள். அந்த வரியை 10.20.0.11 ஆக்கிவிடுவதே சுத்தமான வழி.

---

நேர்வழி பதில்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் இத்தனை பாடு எதற்கு என்றும் ஒருமுறை யோசிக்கலாம். இபிஎம்டி தருவது ஒரே ஒரு சேவை: பெயரைக் கொடுத்தால் போர்ட் எண். போர்ட் எண்ணை நீங்களே முடிவு செய்துவிட்டால் அதைக் கேட்க ஆள் எதற்கு?

இரண்டு வரி போதும்:

-ஸ்டார்ட்_இபிஎம்டி ஃபால்ஸ்
-எர்ல்_இபிஎம்டி_போர்ட் 6789

நோடு 6789-இல் கேட்கும். மற்ற நோடுகளைத் தேடும்போதும் இபிஎம்டி-யிடம் போகாமல் நேராக அந்தந்த ஹோஸ்ட்டின் 6789-க்குப் போகும். ரிமோட்.விஎம்.ஆர்க்ஸில் இந்த இரண்டோடு -டிஸ்ட்_லிசன் ஃபால்ஸ் என்பதையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ரிமோட் ஷெல்லும் அதே 6789-இல் கேட்க முயன்று விழும்.

கன்டெய்னர்களில் இதுதான் என் முதல் தேர்வு. ஒவ்வொரு கூபர்நெட்டிஸ் பாட் (கன்டெய்னர் தொகுதி) ஒன்றுக்கும் தனி ஐபி, உள்ளே ஒரே நோடு. அங்கே இபிஎம்டி-யை வைத்தால் கன்டெய்னருக்குள் கண்காணிப்பில்லாத இரண்டாவது ப்ராசஸ்; நெட்வொர்க் பாலிசியில் திறக்க வேண்டிய இன்னொரு போர்ட். இரண்டும் மிச்சம்.

தறிநாடாவின் மெஷினில் இது அப்படியே ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா நோடுக்கும் ஒரே எண் என்பதால் ஒரே ஐபி-யில் இரண்டு நோடு வைக்க முடியாது. பில்லிங்குக்கு 9101, ரிப்போர்ட்டுக்கு 9102 என்று பிரிக்க வேண்டுமானால் -இபிஎம்டி_மாட்யூல் கொடுத்துச் சொந்த மாட்யூல் எழுத வேண்டும். பெரிய வேலை இல்லை: நோடு எந்தப் போர்ட்டில் கேட்க வேண்டும் என்பதற்கு லிசன்_போர்ட்_ப்ளீஸ், அடுத்தவரின் போர்ட்டுக்கு போர்ட்_ப்ளீஸ், ஹோஸ்ட்டை ஐபி-யாக்க அட்ரஸ்_ப்ளீஸ், பெயருக்குப் பதிவு செய்வதுபோல் காட்ட ரிஜிஸ்டர்_நோட், பட்டியலுக்கு நேம்ஸ். பெரும்பாலானவற்றை அசல் எர்ல்_இபிஎம்டி மாட்யூலுக்கே தள்ளிவிடலாம். ஆனால் கிளஸ்டரில் சேரும் ஒவ்வொருவரிடமும் அந்த மாட்யூல் இருக்க வேண்டும். அதுதான் பராமரிப்புத் தொல்லை. இரண்டு நோடுக்காக அதைச் சுமப்பதைவிட சாக்கெட்சாமி சொன்ன வழியே மேல்.

மற்றொரு இழப்பு: இபிஎம்டி இல்லாத கிளஸ்டரில் -நேம்ஸ் எதுவும் காட்டாது, ஹோஸ்ட்டைக் கேட்டு நோடு பட்டியல் வாங்கும் கருவிகளும் ஊமையாகிவிடும். அதே மெஷினில் ராபிட்எம்க்யூ போல இபிஎம்டி-யை நம்பும் வேறொன்று இருந்தால் அதற்காக எப்படியும் ஒன்று ஓடத்தான் வேண்டும்.

ஆனால் -எர்ல்_இபிஎம்டி_போர்ட் ஒரு நல்ல சாவியாகவும் பயன்படும். இபிஎம்டி செத்துக் கிடக்கிறது, பில்லிங் உள்ளே போயாக வேண்டும் என்றால்:

எர்ல் -எஸ்நேம் மீட்பு -செட்குக்கி <குக்கி> -ஸ்டார்ட்_இபிஎம்டி ஃபால்ஸ் -எர்ல்_இபிஎம்டி_போர்ட் 41235 -டிஸ்ட்_லிசன் ஃபால்ஸ் -ரெம்ஷ் பில்லிங்@ஆப்1

41235 என்பது எஸ்எஸ் -எல்டிஎன்பி-யில் பீம்.எஸ்எம்பி-க்கு (எர்லாங் நோடின் ப்ராசஸ்) நேரே தெரியும் போர்ட். ஹெச்டிடிபி போர்ட்டும் அதே பட்டியலில் இருக்கும், மாற்றி எடுத்துவிடாதீர்கள். பெயரைக் கேட்காமல் நேரே கதவைத் தட்டுவதால் இபிஎம்டி இல்லாமலே உள்ளே போய்விடலாம். தானாகத் திரும்பப் பதியாத பழைய ஓடிபி நோடு என்றால், வேறு நோடு எதிலிருந்தாவது ஆர்பிசி வழியாக எர்ல்_இபிஎம்டி:ரிஜிஸ்டர்_நோட்(பில்லிங், 41235) என்று ஓட்டினால் பெயர் திரும்ப ஏறும். அதற்குமுன் இபிஎம்டி-யைக் கிளப்பியிருக்க வேண்டும்.

---

கதவுக்காரர் பதில்:

ஃபயர்வாலைச் சரிபார்த்துவிட்டேன் என்று கேள்வியில் இருக்கிறது. நோடு போர்ட்டுகள் 38117, 41235 என்று இருப்பதைப் பார்த்தால், லினக்ஸ் கொடுத்த ஏதோ ஒரு எண்ணை எடுத்துக்கொண்டிருக்கின்றன. இயல்பாக 32768 முதல் 60999 வரை எது வேண்டுமானாலும் வரலாம். அப்படியானால் இரண்டு சர்வருக்கும் இடையில் அந்த வீச்சு முழுவதும் திறந்திருக்கிறது என்றுதானே பொருள்? முதலில் அதைக் கட்டுங்கள். விஎம்.ஆர்க்ஸில்:

-கெர்னல் இனெட்_டிஸ்ட்_லிசன்_மின் 9100 இனெட்_டிஸ்ட்_லிசன்_மேக்ஸ் 9109

பிறகு ஆப்1, ஆப்2 ஐபி-களுக்கு மட்டும் 4369-ஐயும் 9100-9109-ஐயும் திறந்து மற்றதை அடையுங்கள். மின், மேக்ஸ் இரண்டையும் 9100 என்றே வைத்தால் இரண்டாவது நோடுக்கு இடம் இருக்காது, இஅட்ரின்யூஸ் (போர்ட் ஏற்கெனவே பிடிபட்டது) என்ற பிழை வரும். ரிமோட் ஷெல்லும் ஒரு நோடுதான், அதற்கும் ஒரு எண் வேண்டும் (டிஸ்ட்_லிசன் ஃபால்ஸ் கொடுத்தால் வேண்டாம்). எனவே நோடு எண்ணிக்கையைவிட நாலைந்து அதிகமாகவே விடுங்கள்.

4369-ஐ இன்டர்நெட்டுக்குத் திறந்து வைப்பதில் என்ன கேடு என்று சிலர் கேட்பார்கள், "அதில் பாஸ்வேர்ட் எதுவும் இல்லையே" என்று. பாஸ்வேர்ட் இல்லாததுதான் கேடு. யார் கேட்டாலும் எந்த நோடு எந்தப் போர்ட்டில் என்ற முழுப் பட்டியலையும் இபிஎம்டி கொடுத்துவிடும். அதன்பின் தாக்க வருபவருக்கும் பில்லிங்குக்கும் நடுவில் இருப்பது குக்கி மட்டும். குக்கியைத் தாண்டியவர் அந்த நோடில் எந்த நிரலையும் ஓட்டலாம். பாதி உரிமை, கால் உரிமை என்றெல்லாம் அங்கே கிடையாது. ரிலீஸ் தானாக உருவாக்கும் நீளமான குக்கியை விட்டுவிட்டு "சீக்ரெட்" என்று வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

குக்கி சோதனை எம்டி5 சவால்-பதில் முறையில் நடப்பதால் குக்கி அப்படியே ஒயரில் போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு போகும் மெசேஜ் எல்லாம் மறைப்பில்லாமல்தான் போகும். நம்பாத நெட்வொர்க் நடுவில் இருந்தால் -ப்ரோட்டோ_டிஸ்ட் இனெட்_டிஎல்எஸ் போட்டு, சான்றிதழ் விவரத்தை -எஸ்எஸ்எல்_டிஸ்ட்_ஆப்ட்ஃபைலில் கொடுக்க வேண்டும். அப்போதும் இபிஎம்டி-யோடு நடக்கும் பேச்சு மறைக்கப்படாது. ஃபயர்வால் தேவை தீராது.

வெளியிலிருந்து 4369 எட்டுகிறதா என்று பார்க்க எர்லாங்கே வேண்டாம். பெயர்ப் பட்டியல் கேட்கும் கோரிக்கை மொத்தம் மூன்றே பைட்: நீளத்துக்கு இரண்டு பைட் (00, 01), அதன்பின் சிறிய 'என்' எழுத்து, அதாவது 110. ஆப்2-இலிருந்து பிரின்ட்எஃப் வழியாக இந்த மூன்றையும் என்சி-க்கு பைப் செய்து ஆப்1-இன் 4369-க்கு அனுப்புங்கள். பதிலில் முதல் நான்கு பைட் போர்ட் எண். ஹெக்ஸ்டம்ப்பில் 00 00 11 11 என்று தெரியும், 4369-இன் பதினாறடிமான உருவம் 1111 என்பதால். அதற்குப் பின்னால் -நேம்ஸில் பார்க்கும் அதே வரிகள். இவை வந்துவிட்டால் இபிஎம்டி வரை வழி சரி. பிறகும் பிங் தோற்றால் 9100 வரிசையையும், அதுவும் சரி என்றால் குக்கியையும் பாருங்கள். பெயர் வகையையும்தான்: ஒரு பக்கம் -எஸ்நேம், மறுபக்கம் -நேம் என்றால் அவை சேரவே சேராது.

மானிட்டரிங் கருவி 4369-இல் கனெக்‌ஷன் திறந்து ஒன்றும் அனுப்பாமல் தொங்கவிட்டால் இபிஎம்டி 60 விநாடி காத்திருந்து வெட்டிவிடும். -பேக்கெட்_டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு அது. திறந்த உடனே மூடும்படி வைத்தால் போதும்.

---

தறிநாடா:

எல்லாருக்கும் நன்றி. சாக்கெட் வழியில் போகிறேன். ஒரே ஒரு இடத்தில் நிற்கிறேன்: எர்லாங்-பேஸ் போட்டாயிற்று, ஆனால் இபிஎம்டி.சாக்கெட் "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்று விழுகிறது. பழைய இபிஎம்டி 4369-இல் உட்கார்ந்திருக்கிறது. இபிஎம்டி -கில் கொடுத்தால் "கில்லிங் நாட் அலவ்டு - லிவிங் நோட்ஸ் இன் டேட்டாபேஸ்" என்று மறுக்கிறது. பில்லிங்கை நிறுத்தாமல் மாற்ற வழி?

---

பீம்வாசி:

-கில் மறுப்பது வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. பதிவான நோடு ஒன்று உயிரோடு இருந்தாலும், -ரிலாக்ஸ்டு_கமாண்ட்_செக் கொடுத்துக் கிளப்பப்படாத இபிஎம்டி அந்தக் கோரிக்கையை ஏற்காது. பிஐடி-க்குச் சாதாரண கில் சிக்னல் அனுப்புங்கள், அதற்கு மறுப்பு இல்லை.

வரிசை முக்கியம். முதலில் இரண்டு ரிலீஸின் விஎம்.ஆர்க்ஸ், ரிமோட்.விஎம்.ஆர்க்ஸ் ஃபைல்களிலும் -ஸ்டார்ட்_இபிஎம்டி ஃபால்ஸ் ஏறியிருக்கட்டும். ஓடும் நோடுகளுக்கு அது அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் தெரியும், ஆனால் நடுவில் யாராவது ரிமோட் அடித்தால் புதிய இபிஎம்டி முளைக்காமல் தடுக்கும். சாக்கெட் எடிட், ஹோஸ்ட்ஸ் ஃபைல் இரண்டையும் முடித்துவிடுங்கள். பிறகு ஒரே வரியில், கில் பிஐடி, ஸ்லீப் 1, சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் இபிஎம்டி.சாக்கெட் மூன்றையும் சேர்த்து அடியுங்கள். சாக்கெட்டை எனேபிள் செய்யவும் மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் அடுத்த பூட்டில் பழைய கதை.

நடுவில் இருக்கும் சில விநாடி புதிய நோடு எதுவும் சேர முடியாது. இருக்கும் கனெக்‌ஷன்களுக்கு ஒன்றும் ஆகாது. பில்லிங், ரிப்போர்ட் இரண்டும் தாமாகப் பதிந்ததை -நேம்ஸில் பார்த்துவிட்டு, இபிஎம்டி-யின் பிஐடி-யைத் திரும்ப ஒருமுறை சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸுக்குக் கொடுங்கள். இபிஎம்டி.சர்வீஸ் என்று வந்தால் ரிப்போர்ட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.